வீடற்றோருக்கான அவசர இரவுத் தங்குமிடம்: கொழும்பில் அயலவர்கள் சேர்ந்து நடத்தும் முறை

கொழும்பில் அடைமழை பிடித்துக்கொள்ளும் இரவுகளில் கூரை தேடி வருபவர்கள் இரு சாரார். களனி கங்கை பெருக்கெடுத்து, 2016 மே மாதத்திலும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் நேர்ந்ததுபோல, கொலன்னாவை, வெல்லம்பிட்டி போன்ற தாழ்நிலப் பகுதிகளில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததால் வெளியேறுபவர்கள் ஒரு சாரார். அவர்களுக்கு வீடு இருக்கிறது, முகவரி இருக்கிறது, கிராம உத்தியோகத்தரின் பதிவேட்டில் பெயரும் இருக்கிறது. மற்றச் சாராருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. புறக்கோட்டையின் கடைவாசல்களில் உறங்கும், நாட்டாமைகள் எனப்படும் சுமைதூக்கும் தொழிலாளர்களும், மருதானைப் புகையிரத நிலையத்தைச் சுற்றி இரவைக் கழிக்கும் முதியவர்களும், கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் கோயில் வாசலையோ தேவாலய வாசலையோ நம்பியிருக்கும் பெண்களும், விரித்த பாய் நனைந்துவிட்டால் அந்த இரவுக்குப் போக்கிடம் அற்றவர்கள். இந்த வழிகாட்டி இவர்களை மனதில் வைத்தே எழுதப்படுகிறது. ஏறக்குறைய 40 பேர் தங்கக்கூடிய ஒரு மண்டபத்தை, சில கிழமைகளுக்கு, ஒரு வட்டாரத்து மக்களே சேர்ந்து நடத்துவது எப்படி என்பதே இதன் பொருள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கொழும்பில் கொடுக்கும் கைகளுக்குக் குறைவு இல்லை. கோயில் அன்னதானமும், நோன்புக் கஞ்சியும், வெசாக் தன்சலும் பழகிய நகரம் இது. இப்படியொரு தங்குமிடத்தை நடத்திய நாங்கள் தடுமாறியதெல்லாம் எந்தப் பொருளை யார், எத்தனை மணிக்குப் பொறுப்பேற்பது என்ற இடத்தில்தான். முதல் வருடத்தில் ஒரு சனிக்கிழமை இரவு 36 பேருக்கு 120 சோற்றுப் பார்சல்கள் வந்து சேர்ந்தன. அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை இரவு ஒன்றும் வரவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் கொண்டுவருவார் என்று இருந்துவிட்டோம். அன்று ஒன்பது மணிக்குப் பக்கத்து ஹோட்டலில் மிஞ்சியிருந்த பாணையும் பருப்பையும் வாங்கிப் பங்கிட்டபோது, அரைவயிற்றோடு படுத்தவர்களின் முகத்தைப் பார்க்க எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அந்தச் செவ்வாய்க்கிழமை மறுபடி வராமல் இருப்பதற்கான ஏற்பாடு.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

கொழும்பில் மே மாதத்திலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை உச்சமடைகிறது. ஆகவே ஏப்ரல் மாதத்திலும் செப்டெம்பர் மாதத்திலும் ஒரு முறை கூடிப் பேசிவிட வேண்டும். கூட்டத்துக்குக் கோயில் அறங்காவலர் சபை, பள்ளிவாசல் நிர்வாக சபை, பங்குத்தந்தை, விகாரையின் தாயக சபை (கொடையாளர் சபை), தெருவிலுள்ள கடைக்காரர்கள், முச்சக்கர வண்டித் தரிப்பிடத்துச் சாரதிகள் ஆகியோரை அழையுங்கள். சாரதிகளை விட்டுவிடாதீர்கள். எந்தக் கடைவாசலில் யார் படுக்கிறார், யாருக்குக் கால் புண், யார் இரண்டு நாளாகக் காணவில்லை என்பதெல்லாம் இரவில் ஓடும் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எவருக்கும் தெரியாது. தெருவில் வாழ்ந்த அனுபவமுள்ள ஒருவரையாவது அந்தக் கூட்டத்தில் உட்கார வையுங்கள். அவர் சொல்வதை அறிவுரையாக மட்டும் கேட்காமல் முடிவாகவும் ஏற்றுக்கொள்ளப் பழகுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை பாடசாலையைக் கடைசியாகவே நினைக்க வேண்டும். அதற்கு அதிபரின் சம்மதமும் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் தேவைப்படும் என்பதோடு, திங்கட்கிழமை வகுப்புத் தொடங்கினால் எல்லோரும் வெளியேற வேண்டியிருக்கும். சமூக மண்டபம், கோயில் மடம், தேவாலய மண்டபம் ஆகியவை மேல். எதுவானாலும் அனுமதியை எழுத்தில் வாங்கி, திறக்கும் திகதி, மூடும் திகதி, மின்சாரக் கட்டணம், சேதம் ஏற்பட்டால் பொறுப்பு ஆகிய நான்கையும் அதில் குறித்துவிட வேண்டும்.

எத்தனை பேர் என்பதை மண்டபத்தின் அளவுதான் முடிவு செய்ய வேண்டும், நமது இரக்கம் அல்ல. அவசரகால உதவிப் பணிகளுக்கென உலகளவில் பயன்படும் ஸ்பியர் நியமங்களின்படி ஒருவருக்கு 3.5 சதுர மீற்றர் கூரையுள்ள இடமும், நாளொன்றுக்கு 15 லீற்றர் நீரும், 20 பேருக்கு ஒரு மலசலகூடமும் வேண்டும். 50 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்ட மண்டபம் ஏறக்குறைய 139 சதுர மீற்றர் வரும். அதில் 39 பேருக்குத்தான் இடம் உண்டு. நடைபாதையும் பொருள் வைக்கும் மூலையும் ஒதுக்கினால் 35 பேர். அவர்களுக்கு ஒரு நாளைக்கு 525 லீற்றர் நீர் தேவைப்படுவதால் ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்று இரண்டு நாளுக்கும் போதாது. ஆகவே பவுசர் எந்த நாட்களில் வரும் என்பதைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையுடனோ மாநகர சபையுடனோ முன்கூட்டியே பேசி வையுங்கள். மலசலகூடம் கணக்குப்படி இரண்டு போதும் என்றாலும், பெண்களுக்கு ஒன்றைத் தனியாக, உள்ளே தாழ்ப்பாளும் வழியில் விளக்கும் உள்ளதாக, ஒதுக்கியே ஆக வேண்டும் என்பதால் மூன்றாக வைத்துக்கொள்வதே சரி. 36ஆவது ஆள் வந்தால் எங்கே அனுப்புவது என்பதையும் அப்போதே பக்கத்து வட்டாரத்தாரோடு பேசி முடித்துவிடுங்கள். நள்ளிரவில் வாசலில் நின்றுகொண்டு பேச வேண்டிய விடயம் அல்ல அது.

அரச பக்கத்தில் யாரோடு பேசுவது

கொழும்பு நகரம் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளுக்குள் அடங்குகிறது. கொட்டாஞ்சேனை முதலாவதிலும் வெள்ளவத்தை இரண்டாவதிலும் வருகின்றன. உங்கள் பிரிவின் கிராம உத்தியோகத்தர், அனர்த்த நிவாரண உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகிய நால்வரையும் மழைக்கு முன்னரே நேரில் சந்தித்து, அவர்களது தொலைபேசி இலக்கங்களைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கிராம உத்தியோகத்தரிடம் பேச வேண்டிய முக்கியமான விடயம் ஒன்று இருக்கிறது. வெள்ள நிவாரணப் பட்டியல் பெரும்பாலும் வீட்டையும் முகவரியையும் வைத்து எழுதப்படுகிறது. தெருவில் இருப்பவருக்கு எழுத முகவரி இல்லாததால் அவர் பெயர் விடுபடுகிறது. பெயர் விடுபட்டால் சமைத்த உணவுக்கான அரச கொடுப்பனவிலும் அவர் சேரமாட்டார். மண்டபத்தின் முகவரியையே தற்காலிக முகவரியாகப் போட்டு, பெயர்ப்பட்டியலைக் கடிதத்தோடு பிரதேச செயலாளருக்குக் கையளித்து, கிடைத்ததற்கான முத்திரை பதித்த பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். உடனே பயன் கிடைக்காவிட்டாலும், பின்னர் ஒருவர் தொலைந்த அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது கிராம உத்தியோகத்தர் அவரை அறிந்தவராக இருப்பதற்கு அந்தப் பிரதி உதவும்.

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கும் கடிதம் கொடுக்க வேண்டும். 1841ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கொண்டுவந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தின் பயம் தெருவில் வாழ்பவர்களிடம் இன்றும் இருக்கிறது. சீருடையைக் கண்டால் மழையிலேயே எழுந்து போய்விடுவார்கள். எனவே அவசரத்துக்கு அழைத்தாலன்றி உத்தியோகத்தர்கள் படுக்கைப் பகுதிக்குள் வருவதில்லை என்ற இணக்கத்தை மரியாதையோடு கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

களனி கங்கையின் நீர்மட்டத்தை நாகலகம் வீதி நீர்மானியின் அளவைக் கொண்டு நீர்ப்பாசனத் திணைக்களம் அறிவிக்கிறது. அங்கே 4 அடி என்றால் எச்சரிக்கை, 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். நீர்மட்டம் 4 அடியைத் தொட்ட உடனேயே மண்டபத்தைத் திறந்துவிடுவது எங்கள் வழக்கம். பெருவெள்ளத்துக்குக் காத்திருந்தால் வீதியும் மூழ்கி, ஆட்களை ஏற்றிவர முச்சக்கர வண்டியும் ஓடாது.

ஒரே கொப்பி, ஒரே இரவுப் பொறுப்பாளர்

இந்த ஏற்பாடு முழுவதும் தடித்த மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியில் தங்கியிருக்கிறது. கணினி அட்டவணை வேண்டாம் என்பதல்ல. மின்சாரம் போனாலும், கைத்தொலைபேசியில் சார்ஜ் இறங்கினாலும், இரவு இரண்டு மணிக்கு எவர் திறந்தாலும் வாசிக்கக்கூடியது கொப்பிதான். இடப்பக்கத்தில் அன்றிரவு தங்குபவரின் பெயர் அல்லது அவர் சொல்ல விரும்பும் பெயர், பாய் இலக்கம், மூட்டை இலக்கம். வலப்பக்கத்தில் அன்றிரவு நடந்தவை, கொடுத்த மருந்து, உடைந்த பைப், மறுநாளைக்குத் தேவையானவை. அடையாள அட்டையைக் கேட்காதீர்கள். இல்லாதவர் அதைச் சொல்ல வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விடுவார்.

ஒவ்வோர் இரவுக்கும் ஒருவர்தான் பொறுப்பாளர். குழு அல்ல, ஒருவர். மாலை ஆறரைக்கு அவர் திறப்பையும் கொப்பியையும் கையெழுத்திட்டு வாங்குகிறார், காலை ஏழரைக்குக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். தலைவர், செயலாளர், கொடையாளி எவர் வந்தாலும் அந்த இரவில் அவர் சொல்வதே முடிவு. எங்களிடம் மூத்தவர்கள் இதற்கு முதலில் மனம் கோணினார்கள். ஆனால் 22 வயதுப் பிள்ளை ஒருத்தி பொறுப்பிலிருந்த இரவில் ஒருவருக்கு வலிப்பு வந்தபோது, எவரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிராமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்ததைக் கண்ட பிறகு, அந்த முணுமுணுப்பு நின்றுவிட்டது. பொறுப்பாளரோடு குறைந்தது இருவர் விழித்திருக்க வேண்டும், அவர்களுள் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், ஒருவராவது சிங்களமும் தமிழும் இரண்டும் பேசக்கூடியவராக இருக்க வேண்டும். ஒருவரைக் கிழமைக்கு இரண்டு இரவுக்கு மேல் போடாதீர்கள். மூன்றாவது இரவில் நல்ல மனிதரும் சிடுசிடுப்பார்.

வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடும் உரிமை அன்றைய பொறுப்பாளருக்கும் இணைப்பாளருக்கும் மட்டும் இருக்கட்டும். இரவு ஏழரைக்கு ஒரே ஒரு செய்தி, இரு மொழிகளிலும்: “செவ்வாய், இரவு 7.30. இருப்பவர்கள் 34, அதில் பெண்கள் 9. நாளைக் காலைக்குப் பாண் 17 இறாத்தல் வேண்டும். சாரம் 4 வேண்டும். பழைய சேலைகள் வேண்டாம்.” வேண்டாம் என்று எழுதுவதற்குத் தயங்கக் கூடாது. கட்டிக் குவியும் பழைய உடுப்பு இரண்டு பேரின் படுக்கை இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வேண்டியவை பெரும்பாலும் கேட்கக் கூச்சப்படும் பொருள்களே: புதிய உள்ளாடை, சுகாதாரத் துவாய், சவர்க்காரம், இறப்பர் செருப்பு, துவாய், நுளம்புத்திரி.

சாப்பாடு

கொடையாளர்கள் சனிக்கிழமையையும் போயா தினத்தையும் விரும்புகிறார்கள். பிறந்தநாள், திவசம் என்று நாள் பார்த்தும் வருகிறார்கள். அந்த மனதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மாத நாட்காட்டி ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டு, ஒரு சனிக்கிழமை கேட்பவரிடம் ஒரு செவ்வாய்க்கிழமையும் எடுத்துக்கொள்ளும்படி கேளுங்கள். பெரும்பாலானோர் சம்மதிக்கிறார்கள். வெற்றாகக் கிடக்கும் நாட்களுக்கு மண்டபத்திலேயே சமைக்க ஆயத்தமாக இருக்க வேண்டும். 40 பேருக்கு 6 கிலோ அரிசியும் ஏறக்குறைய 2 கிலோ பருப்பும், ஒரு மரக்கறியும், தேங்காய்ச் சம்பலும் போதும். மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் பொதுச் சமையலில் சேராமல் இருந்தால் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார முடிகிறது.

வெளியிலிருந்து வரும் பார்சலில் கவனம் தேவை. காலை பத்து மணிக்குக் கட்டிய சோறு, லஞ்ச் ஷீட்டுக்குள் வேர்த்துப் புழுங்கி, பிற்பகல் இரண்டு மணிக்குத் திறக்கும்போது நூல்விட்டிருக்கும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள். பார்சலில் கட்டிய நேரத்தைப் பேனையால் எழுதித் தரும்படி கொடையாளரிடம் கேளுங்கள். எழுதாமல் வந்தால் பொறுப்பாளர் ஒன்றைப் பிரித்துச் சுவைத்துப் பார்த்த பிறகே பரிமாற வேண்டும்.

காலைத் தேநீர் ஐந்து மணிக்கு. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் லொறி வந்து நிற்கும் நேரத்துக்கு நாட்டாமைகள் அங்கே நிற்காவிட்டால் அன்றைய கூலி போய்விடும். எங்கள் வசதிக்காக ஏழு மணிக்குத் தேநீர் வைத்த முதல் கிழமையில் உழைப்பவர்கள் ஒவ்வொருவராக வராமல் விட்டார்கள்.

வாசலில்

தெருவில் வாழ்பவர் ஒருவர் தங்குமிடத்துக்கு வர மறுத்தால், அவருக்கு வர மனமில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். எங்கள் வாசலில் ஒரு பெரியவர் இரண்டு இரவுகள் குடைக்குக் கீழே குந்தியிருந்தார். மூட்டைகளை வெளியே வைக்க வேண்டும் என்று நாங்களே ஒரு விதி போட்டிருந்தோம். அவரது அரிசிச் சாக்குக்குள் நனையாமல் பொலித்தீனில் சுற்றிய பிறப்புச் சான்றிதழும், பழைய சம்பளப் புத்தகமும், மனைவியின் படமும் இருந்தன என்பதை மூன்றாம் நாள் அவரே பிரித்துக் காட்டினார். அன்றே விதியை மாற்றினோம். இப்போது ஒவ்வொரு மூட்டைக்கும் மட்டையில் எழுதிய இலக்கம் ஒன்று கட்டப்படுகிறது. அதே இலக்கம் உரியவரின் கையிலும் கொடுக்கப்படுகிறது. மூட்டை அவர் கண்ணுக்குத் தெரியும் சுவரோரத்தில் இருக்கிறது. நாங்கள் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

குடித்துவிட்டு வருபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். குடிவகையையோ போதைப்பொருளையோ கத்தியையோ உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது மட்டுமே விதியாக இருக்கட்டும். கணவன் மனைவியாக வருபவர்களைப் பிரித்தால் இருவரும் போய்விடுவார்கள் என்பதால், நடுவில் திரை கட்டி ஒரு சிறு பகுதியை ஒதுக்குவது நல்லது. பெரியவர்கள் துணையின்றி வரும் பிள்ளைகளை மண்டபத்தில் வைத்துக்கொள்ளாமல், உடனே 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அறிவித்து, உத்தியோகத்தர் வரும்வரை பெண் தொண்டர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். பெண்கள் வன்முறையைப் பற்றிச் சொன்னால் 1938.

அழைப்பவர் யாராயினும் அவரைவிட வயதில் மூத்தவர்களை ஐயா, அம்மா, அண்ணன், அக்கா என்று அழைக்கட்டும். “பாய் 14” என்று கூப்பிடக் கூடாது. படம் எடுப்பதற்கும் அனுமதி இல்லை. கொடையாளருக்குப் பெட்டிகளின் படமும் பற்றுச்சீட்டும் போதும். சோற்றை வாங்கும் கையின் படம் எதற்கு? இந்த ஒரு விதிக்காகச் சில உதவிகளை இழந்தோம், அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை.

உடல்நலம்

வெள்ளநீரில் நடந்தவர்களின் கால்களை முதல் இரவிலேயே விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். புண்ணோடு நடந்தவருக்குக் காய்ச்சல் கண்டால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனை மூலம் மட்டுமே கொடுங்கள். டெங்குக் காலம் என்பதால் காய்ச்சலுக்கு பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. வயிற்றோட்டத்துக்கு ஜீவனி என்ற நீரிழப்பு உப்புப் பொதி ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். கோப்பைக்குக் கொஞ்சமாகத் தூவிக் கொடுப்பது தவறு. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் உள்ளவரை யன்னலோரத்தில் படுக்கவைத்து, காசநோய்ப் பரிசோதனைக்கு மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு யாராவது கூடவே கூட்டிச் செல்லுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம் என்றாலும் தனியாகப் போகச் சொன்னால் போகமாட்டார்கள். இன்சுலின் போடுபவர்களின் மருந்தைப் பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, எந்த வீடு என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். மனம் குழம்பியிருப்பவருக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

மூடும் நாள்

மூடுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே இரு மொழிகளிலும் வாசலில் எழுதிப் போட்டு, ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்ல வேண்டும். அந்த ஏழு நாட்களில் சமூக சேவை உத்தியோகத்தரை மண்டபத்துக்கே அழைத்து, முதியோர் இல்லத்துக்குப் போக விரும்புபவர், ஊரிலுள்ள உறவினரிடம் திரும்ப விரும்புபவர், அடையாள அட்டை வேண்டுபவர் என்று ஒவ்வொருவரோடும் தனித்தனியே பேச வையுங்கள். தொலைந்த அட்டைக்குப் பொலிஸ் முறைப்பாடும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் வேண்டும் என்பதால், இருவரையும் ஒரே நாளில் சந்திக்கும்படி முச்சக்கர வண்டி ஒழுங்கு செய்தால் பாதி வேலை முடிந்துவிடும். மறுபடியும் கடைவாசலுக்கே போகிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குப் பாயும் பொலித்தீன் விரிப்பும் கொடுத்து, அவர்கள் படுக்கும் இடத்தைப் பக்கத்துத் தரிப்பிடத்துச் சாரதி ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

பணக் கணக்கை இருவர் கையெழுத்திட்டு மண்டப வாசலில் ஒட்டிவிடுங்கள். மண்டபத்தை வாங்கிய நிலையைவிடச் சுத்தமாகக் கழுவிக் கொடுங்கள். கொப்பியில் மருந்தும் நோயும் எழுதிய பக்கங்களைக் கிழித்து எரித்துவிட்டு, மீதியை இரும்பு அலுமாரியில் பூட்டுங்கள். பாய்களை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, இலக்க மட்டைகளோடு அதே அலுமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கி, ரோச்சுகளின் பற்றரிகளைக் கழற்றித் தனியாக வைத்து, திறப்பு எவரிடம் இருக்கிறது என்பதை அலுமாரிக் கதவின் உட்புறத்தில் அல்ல, வெளிப்புறத்தில் எழுதி ஒட்டுங்கள்.